பாக்கி இருநூற்று இருபத்தொன்று

எனக்குக் கோபம் வரும். வந்தால் கையில் இருக்கிறது பறக்கும். என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், ஆனால் எதற்கு வரும் என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. வேலைக்குத் தாமதமாக வந்தால் வராது. எழுதின புரோகிராம் ஓடாவிட்டாலும் வராது, ஓடாத புரோகிராம் யாரையும் ஒன்றும் செய்யாது. எழுதின புரோகிராமைச் சரிபார்த்து மெஷினுக்குப் புரிகிறபடி மாற்றித் தருவது கம்பைலர். ஒரு பையன் சிரித்துக்கொண்டே வந்து, "கம்பைலர் அந்த ஒரு வரியை ஏத்துக்க மாட்டேங்குது மேடம், எண்ணோட டைப்பை மட்டும் மாத்திப் போட்டேன், பேசாம ஆயிட்டு" என்பான் பாருங்கள், அப்போது வரும். "பேசாம ஆயிட்டா? அது பேசுனதைக் காதுல வாங்குனியா நீ?" என்று நான் கத்துவது தெருவரைக்கும் கேட்கும். தெருவில் போகிறவர்கள் இந்தப் பொம்பளைக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

எண்பதுகளின் பிற்பாதியில் தென்காசியில் எங்கள் அண்ணன் ஸ்டெபிலைசர் செய்கிற கடை வைத்திருந்தார். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு நீளமான கூடம். முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. ஊரில் ஃப்ரிஜ்ஜும் டிவியும் வர ஆரம்பித்திருந்த காலம். மின்சாரமோ ஒரு நாள் பொங்கும், ஒரு நாள் சுருங்கும். அதனால் எங்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவர்தான். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் இருந்தேன், அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகவும் வந்துவிட்டேன். வரும்போது அந்தக் கம்பெனி கழித்துக்கட்டின கம்ப்யூட்டர் ஒன்றை மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். "இதை வச்சி என்னட்டி செய்யப் போற, பருப்பு அரைக்கவா?" என்றார் அண்ணன். ஆனால் பட்டறையில் எனக்கென்று ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பண்பொழிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதன் எல்லை விஷயத்தில் பெரியப்பா மகனோடு தகராறு. பேச்சு முற்றி, "மலைக்கோயில் வாசல்ல சூடம் அணைச்சி சத்தியம் பண்ணு, தோப்பு ஒனக்குத்தான்" என்று அவர் சொல்லிவிட்டார். தோப்பு எங்களுடையதுதான், ஊருக்கே தெரியும். ஆனாலும் அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். "ஒரு முழம் அங்கன இங்கன இருந்துட்டா? சத்தியம் சத்தியம்தாம்லே" என்று சொல்லித் தோப்பை விட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை. எனக்கு அப்போது எரிச்சலும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

பட்டறையில் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிற வேலைக்கு ஒரு அக்கா வந்துகொண்டிருந்தாள். பண்பொழிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு பெரிய தோட்டம் உண்டு. அந்தத் தோட்டத்தில் வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் இருந்து தினமும் பஸ் பிடித்து வருவாள். வீட்டுக்காரர் அங்கேயே காவல்காரர். அக்காவுக்கு வாய் ஓயாது, கையும் ஓயாது. நான் எதற்காவது கத்தினால், "ஏ தங்கச்சி, இந்தக் கோவத்துக்கு எவன் வந்து மாட்டப் போறானோ" என்பாள். அந்தப் பட்டறையில் என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல அவள் ஒருத்திக்குத்தான் தைரியம் இருந்தது. எனக்கும் அவளைத்தான் பிடிக்கும்.

அக்கா வேலைக்கு வராத நாட்கள் உண்டு. மலை கறுத்து, ஓடையில் செந்தண்ணீர் வர ஆரம்பித்தால் லைன் வீட்டு ஆட்கள் யாரையும் கேட்க மாட்டார்கள். பிள்ளை குட்டி, சட்டி பானையோடு ஏறிப் போய் மலைக்கோயில் அடிவார மண்டபத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். லைன் வீடுகளுக்கு மேலே தோட்டத்துக் குளம் இருந்தது. மண் கரை. அது எப்போதாவது உடைந்து போகும் என்று அவர்களுக்கு ஒரு பயம். பாதி நாள் ஒன்றும் நடக்காது, வெயில் வந்ததும் இறங்கி வந்துவிடுவார்கள். அந்த நாட்களில் தோட்டத்தில் வேலை நின்றுபோகும். தோட்டத்து முதலாளிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவர் ஒரு நாள் கடைக்கு வந்தார். குளத்தில் தண்ணீரை அளந்து, ஆபத்து என்றால் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு பெட்டி செய்து தர முடியுமா என்று கேட்டார். பழைய மில் ஒன்றில் இருந்து ஒரு சங்கை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். "சங்கு ஊதுனா ஓடட்டும். ஊதலைன்னா சோலியப் பாக்கட்டும். அவ்வளவுதானே அண்ணாச்சி?" என்றார். அண்ணன் என் மூலையைப் பார்த்தார். நான் அதற்கு முன்பே மனதுக்குள் படம் போட ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் குளத்துத் தண்ணீரைக் கீழே இருந்து மேலே அளக்க மாட்டார்கள். எவ்வளவு ஆழம் என்று யாரும் கேட்பதில்லை. மறுகாலுக்கு எவ்வளவு பாக்கி என்றுதான் கேட்பார்கள். குளம் நிறைந்து உபரித் தண்ணீர் வழிந்து போகிற கல் கட்டுதான் மறுகால். மறுகாலுக்கு நாலடி பாக்கி, ரெண்டு அடி பாக்கி, ஒரு சாண் பாக்கி, அப்புறம் மறுகால் பாயுது. அதோடு கணக்கு முடிந்தது. மறுகால் பாய்ந்தால் அந்த வருஷத்து விளைச்சலுக்குக் குறைவில்லை என்று பொங்கல் வைத்துக் கொண்டாடுவார்களே தவிர, அதற்கு மேல் எவ்வளவு என்று அளந்தவன் கிடையாது. முதலாளியும் அப்படியேதான் கேட்டார். ஆபீஸில் ஒரு எண் எரிய வேண்டும், அது மறுகாலுக்கு எவ்வளவு பாக்கி என்று காட்ட வேண்டும்.

ஆனால் ஆபத்து மறுகாலுக்கு மேலேதான் இருக்கிறது. மறுகால் மேல் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் போனால் அந்தக் கல் கட்டு தாங்காது, மிச்சம் மண் கரையின் மேல் ஏறும். ஏறினால் கரைந்து போகும். ஆகவே பாக்கி என்கிற எண் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும். சென்டிமீட்டரில் சொன்னால், பாக்கி மைனஸ் முப்பதைத் தொட்டால் சங்கு ஊத வேண்டும். இதில்தான் எல்லாம் இருந்தது.

அந்தக் காலத்துச் சின்னச் சிப்புக்கு ஒரு எண்ணை வைக்க ஒரு சின்ன அறைதான் உண்டு. அதில் பூஜ்யம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை வைக்கலாம். குளம் வறண்டு கிடந்தால்கூடப் பாக்கி எட்டடிக்கு, சுமாராக இருநூற்று ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் போகாது, அதனால் அந்த அறை போதும் என்று தோன்றும். அந்த அறையில் மைனஸ் ஒன்றை வைத்தால் என்ன ஆகும்? மின்சார மீட்டரைப் பூஜ்யத்தில் இருந்து பின்னால் சுற்றினால் ஒன்பது ஒன்பதாக வந்து நிற்குமே, அதே கதைதான். மைனஸ் ஒன்று இருநூற்று ஐம்பத்தைந்து ஆகிவிடும். சிப்பு வாயே திறக்காது. அன்றைக்குக் கடையில் கிடைத்த கம்பைலர்களில் பாதி இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகும். பெரிய அறையில் இருக்கிற எண்ணைச் சின்ன அறையில் திணி என்றால் திணிக்கும், மைனஸைக் கொண்டுபோய் மைனஸ் தெரியாத அறையில் போடு என்றால் போடும்.

திருவனந்தபுரத்தில் இருக்கும்போதே இது எனக்கு வயிற்றெரிச்சல். அதனால் தென்காசிக்கு வந்து, அம்மாவுக்கு மருந்து கொடுக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில், எனக்கென்று ஒரு சின்ன மொழியும் அதற்கு ஒரு கம்பைலரும் எழுதினேன். அதில் ஒவ்வொரு எண்ணும் பிறக்கும்போதே சொல்லிவிட வேண்டும், நான் இதற்குக் கீழே போக மாட்டேன், இதற்கு மேலே போக மாட்டேன் என்று. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, முதலாவது முழுதாக இரண்டாவதுக்குள் அடங்குமா என்று கம்பைலர் பார்க்கும். அடங்காது என்றால் மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். புரோகிராம் சிப்புக்கே போகாது. பெட்டி குளத்துக்குப் போன பிறகு தெரிவதை, பெட்டி பிறப்பதற்கு முன்பே பட்டறையில் தெரிந்துகொள்வது, அவ்வளவுதான் அதன் பெருமை. எழுதி முடித்தபோது இந்த உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று நினைத்தேன். இருபத்தாறு வயதில் அப்படி நினைக்காதவள் எதற்குப் படித்தாள்?

ஒரே ஒரு வழி மட்டும் விட்டிருந்தேன். சில இடங்களில் எண் வெளியே இருந்து வரும், கம்பைலருக்கு அது எவ்வளவு என்று தெரிய வாய்ப்பில்லை. அந்த இடத்தில் எழுதுகிறவன் பொறுப்பேற்றுக்கொண்டு, இது அடங்கும் என்று சொல்ல ஒரு சொல் வேண்டும். அதை அடித்துவிட்டால் அந்த எண்ணைப் பற்றிக் கம்பைலர் அப்புறம் எங்கேயும் எதுவும் கேட்காது. அதற்கு வேண்டுமென்றே 'சத்தியம்' என்று பெயர் வைத்தேன். எங்கள் ஊர்க்காரன் அந்தச் சொல்லை அடிப்பதற்கு முன் கை கூசி ஒரு நிமிஷம் யோசிப்பான் என்று நம்பினேன். அண்ணனை மனதில் வைத்துத்தான் நம்பினேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

சங்குப் பெட்டிக்கான புரோகிராமை அண்ணனும் நானும் சேர்ந்து எழுதினோம். அவருக்கும் இதற்குள் என் மொழி ஓரளவு பழகியிருந்தது. எண்ணைக் காட்டுகிற பகுதி அவருடையது. நாங்கள் வாங்கின டிஸ்ப்ளேயில் மைனஸ் கோடு கிடையாது, மூன்று இலக்கம்தான். ஆகவே பாக்கியை மைனஸ் தெரியாத சின்ன அறையில் வைத்தார். கம்பைல் செய்தால் என் கம்பைலர் மாட்டேன் என்றது. பாக்கி பூஜ்யத்துக்குக் கீழே போகலாம், இந்த அறையோ போகாது, அப்புறம் அதே அறையை மைனஸ் முப்பதோடு ஒப்பிடுகிறாய், அது ஒருநாளும் உண்மையாகாது என்று இரண்டு வரியில் எழுதிக் காட்டியது.

"என்னட்டி இது, பொண்டாட்டி மாதிரி ஒறண்டை இழுக்கு?" என்றார் அண்ணன்.

"அது சரியாத்தான் சொல்லுது. பாக்கியை மைனஸ் தெரிஞ்ச பெரிய அறையில வைங்க அண்ணே. காட்டும்போது மட்டும் பூஜ்யத்துக்குக் கீழ போயிருக்கான்னு பாத்து, போயிருந்தா எண்ணுக்குப் பதிலா மூணு கோடு காட்டுங்க. நான் வந்து செஞ்சி தாரேன், அது வரைக்கும் கை வைக்காதீங்க" என்றேன்.

வந்து என்று நான் சொன்னது குற்றாலத்துக்குப் போய்த் திரும்பி வந்து. சாரல் காலம். பம்பாயில் வேலை பார்க்கிற ஒரு மாப்பிள்ளை வீட்டார் குளிக்க வந்து குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார்கள். குளித்த கையோடு பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று அவர்களுக்கு எண்ணம். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் அங்கே எங்கள் சித்தி வீட்டில் வைத்தாள். ஒரு நாளில் முடிகிற காரியம் ஒரு வாரம் இழுத்தது. இன்றைக்கு நாள் நல்லாயில்லை, நாளைக்கு ஐந்தருவிக்குப் போகிறார்கள், நாளை மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்த அசதி.

ஒருவழியாக அந்த மாப்பிள்ளையோடு கடைத்தெரு வழியாக நடக்க விட்டார்கள். பின்னாலேயே இரண்டு குடும்பமும் மங்குஸ்தான் வாங்குகிற சாக்கில் வந்துகொண்டிருந்தது. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு, "இவ்வளவு கெடுபிடி எதுக்கு? எழுதுறவங்க கொஞ்சம் கவனமா இருந்தாப் போதாதா?" என்றார். அருவிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் சொன்னார். நான் திரும்பி நடந்து வந்து அம்மாவிடம், இந்த ஆள் வேண்டாம் என்றேன். "காரணம் என்னட்டி?" என்றாள் அம்மா. "கவனமா இருந்தாப் போதும்னு சொல்லுதாரு, அதான்" என்றேன். அதற்காக இன்றுவரை உறவில் என்னைக் கேலி செய்கிறார்கள்.

நான் திரும்பி வந்தபோது பெட்டி தோட்டத்துக்குப் போயிருந்தது. முதலாளி அவசரப்படுத்தியதாகவும், பூசை போட்டுத் திறந்துவிட்டதாகவும் அண்ணன் சொன்னார். சோதனைப் பொத்தானை அழுத்தினார்களாம், சங்கு ஊதிய ஊதலில் லைன் வீட்டு ஆடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் வீட்டுக்காரருக்குச் சங்கு அறைக் காவல் கொடுத்திருந்தார்கள். கரையின் மேல், மறுகாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. உள்ளே போர்டு, சங்கு, அதற்கு லாரி பேட்டரிகள். பேட்டரியை யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ராப்பகலாகக் காவல். எண் எரிகிறது தோட்டத்து ஆபீஸில்.

"கம்பைல் ஆயிட்டா?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"ஆகாம எப்படிப் பெட்டி போவும்?" என்றார்.

என் கம்பைலர் ஒத்துக்கொண்டது என்றால் சரியாகத்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் நான் அதைச் செய்திருந்தேன்.

சாரல் முடிந்தது, காற்றும் அடங்கியது. தோட்டத்தில் முதலாளி உத்தரவு போட்டிருந்தார். சங்கு ஊதாமல் யாரும் மண்டபத்துக்கு ஏறக் கூடாது, ஏறினால் வேலை கிடையாது. அக்கா இப்போதெல்லாம் மலை கறுத்த நாளிலும் வேலைக்கு வந்தாள். "முன்னாடின்னா பிள்ளையளைத் தூக்கிட்டு ஓடிக்கிட்டுக் கெடப்போம். இப்ப ஒங்க சங்கு பாத்துக்கிடும்லா" என்பாள். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம்.

ஐப்பசி மழை அந்த வருஷம் பிடித்தது விடவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, காலையில் பட்டறைக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தோம். மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை. அக்கா வந்திருந்தாள். ஓடையில் தண்ணீர் சிவப்பாக வருகிறது என்று சொன்னாள். அவள் பிள்ளைகளை மாமியாரோடு தோட்டத்துத் தேங்காய்க் கொட்டகையில் விட்டிருந்தாள். "அவுக மட்டும் சங்கு ரூம்ல ஒத்தையில இருக்காக. சங்கு ஊதுனாத்தான் எறங்கலாமாம்" என்றாள்.

"ஊதலைன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஏன் கெடந்து பறக்க?" என்றார் அண்ணன். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதே மாதிரி ஒரு பெட்டி வேண்டும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதற்காகப் பழைய ஃப்ளாப்பியைப் போட்டுப் புரோகிராமைத் திரும்பக் கம்பைல் செய்தேன். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஆனது. காட்டும் பகுதியை அண்ணன் எப்படித் திருத்தினார் என்று பார்க்கத்தான் திறந்தேன். மூன்று கோடு எங்கே காட்டுகிறார் என்று தேடினேன். எங்கேயும் இல்லை. பாக்கி அதே சின்ன அறையில்தான் இருந்தது. அந்த வரியில் புதிதாக ஒரே ஒரு சொல் இருந்தது. சத்தியம்.

"அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "இது யாரு போட்டது?"

அவர் வந்து எட்டிப் பார்த்தார். "நாந்தான். எத்தனை தடவை போட்டாலும் மாட்டேன் மாட்டேன்னுது. முதலாளி வாசல்ல நிக்காரு. நீயும் இல்லை. ஒன் மொழியில வழி இருக்கே, போட்டேன். ஒரே தடவையில ஆயிட்டு."

"இது என்ன சொல்லுன்னு தெரியுமா ஒங்களுக்கு? தோப்பு போனாலும் பரவாயில்லைன்னு வந்தீங்களே, அந்தச் சத்தியம்தானே இதுவும்?"

"ஏட்டி, அது கோயில்ல. இது மெஷினுக்குத்தானே?" என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகு அவர் முகம் மாறியது. "ஏன், என்ன ஆவும்?"

ஓடிப் போய்த் தோட்டத்து ஆபீஸுக்கு ஃபோன் போட்டேன். எக்ஸ்சேஞ்ச் எடுத்து, இரைச்சலுக்கு நடுவில் ஒருவழியாக அங்கே கணக்கப்பிள்ளை கிடைத்தார்.

"எண்ணு எவ்வளவு காட்டுது?"

"அதெல்லாம் ஒண்ணும் பயமில்லம்மா. நேத்து ராத்திரி பூஜ்யத்துக்கு வந்துட்டு. நானும் பயந்துதான் போனேன். காலம்பற வந்து பாத்தா இருநூத்தம்பது பாக்கி காட்டுது. மறுகால் பாஞ்சி எல்லாம் எறங்கிட்டு போலருக்கு, பெட்டி பொய்யா சொல்லும்? இப்ப இருநூத்தி இருவத்தொண்ணு."

பாக்கி இருநூற்று இருபத்தொன்று என்றால், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து. மறுகாலுக்கு மேல் ஓரடியைத் தாண்டித் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. சங்கு எப்போதோ ஊதியிருக்க வேண்டும். அது ஊதாது. அந்தச் சின்ன அறைக்குள் மைனஸ் முப்பது என்ற ஒன்று வரவே வராது. தண்ணீர் ஏற ஏற அந்த எண் மெதுவாகக் குறைந்துகொண்டே வரும், பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிற மாதிரியே இருக்கும்.

"கரை போகப் போகுது! எல்லாரையும் மேல ஏத்துங்க! சங்கு ரூம்ல இருக்கவரை உடனே எறக்குங்க!" என்று கத்தினேன்.

"ஆளுக எல்லாம் மேட்டுல கொட்டகையிலதாம்மா இருக்காவ. இந்த மழையில நான் கரைக்கு யாரை அனுப்ப? சங்கு ஊதுனா அவரே வந்துருவாரு" என்றார் கணக்கப்பிள்ளை. அவர் குரலில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது. "நீங்க செஞ்ச பெட்டிதானே, நீங்களே பயந்தா எப்படி?"

"அது ஊதாதுய்யா!" என்று நான் சொல்லும்போது லைன் செத்துவிட்டது. அதன் பிறகு எவ்வளவு தட்டியும் உயிர் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் கத்தினதில் சங்கு ரூம் என்ற சொல் மட்டும்தான் அவள் மனதில் ஏறியிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் கடை வேனில் போய் ஏறி உட்கார்ந்தாள்.

அண்ணன் ஓட்டினார். நான் நடுவில், அக்கா ஓரத்தில். செங்கோட்டை ரோட்டில் புளியமரக் கிளைகள் முறிந்து கிடந்தன. அவர் எதற்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கூறு இருக்கா, படிச்சிப் படிச்சிச் சொன்னேன்லா, கை வைக்காதீங்கன்னு சொன்னேன்லா. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.

பண்பொழி தாண்டித் தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்தில் ஓடைக்குக் குறுக்கே தரைப்பாலம். பாலத்தைக் காணவில்லை. செந்தண்ணீர் ஒரு தென்னை மரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு போனது. இந்தப் பக்கம் ஒரு லாரி நின்றது, அதன் ஆட்கள் இரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவு போவதற்குள் கால் வாரிவிட்டது. லாரிக்காரர்கள் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். எழுந்து திரும்பவும் இறங்கப் போனார். "ஏ அண்ணாச்சி, சாவணும்னு வந்தியளா?" என்று அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அவர்களை அடித்தார், கத்தினார், பிறகு சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்து குளத்துக்கரை ஒரு மைல்கூட இருக்காது. மழைக்குள் ஒன்றும் தெரியவில்லை. நான் எதிர்க்கரையைப் பார்த்துக் கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மில் சங்கு ஊதியிருந்தால் அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும்.

அக்கா மலைப்பக்கம் காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அதை எப்படித் தாங்கினேன் என்று தெரியவில்லை.

"சங்கு ஊதலைலா தங்கச்சி? அப்போ அவுகளுக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே?"

அந்த நேரத்தில் பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"அது ஊதாது அக்கா. எவ்வளவு தண்ணி வந்தாலும் ஊதாது. அதுல தப்பு இருக்கு" என்றேன்.

அவள் சேற்றில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. திரும்பவும் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அவளிடம். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டாள்.

"அப்போ அவுகளுக்கு யாரு சொல்லுவா?"

கரை போகிற சத்தம் கேட்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே இருந்தோம்.